பெரிய கிளார்க்கின் பாகற்பந்தல்

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்களுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய கிளார்க். ரொம்ப நாளாக அவரை வாட்டிய வயிற்றுவலி, பச்சைக் காய்கறி தின்றதால் தீர்ந்தது என்று அவர் நம்பினார். தனக்குத் தீர்ந்ததோடு விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வயிற்றுவலியே இல்லாத எங்களையும் குணப்படுத்திவிட வேண்டும் என்று கிளம்பினார்.

முதலில் வெயில் குளியல். காலையில் ஆபீஸ் முற்றத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்க வேண்டும். எதிரே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் விடிந்தது முதல் பொழுது அடையும் வரை அதே குளியலில்தான் இருந்தார்கள். அவர்கள் ஆரோக்கியம் எப்படி என்று மட்டும் ஆபீசில் யாரும் விசாரித்ததில்லை.

அரிசி ரேஷனாகிவிட்ட காலம். காலி இடத்திலெல்லாம் காய்கறி போடுங்கள் என்று சர்க்காரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பெரிய கிளார்க்குக்கு அது தன் கொள்கைக்குச் சர்க்கார் எழுதிய நற்சாட்சியாகத் தோன்றியது. ஆபீசுக்குப் பின்னால் உடைந்த பெட்டிகளும் இற்றுப்போன கயிறுகளும் கிடந்த மணல் வெளியைச் சுத்தம் செய்து விதை போட உத்தரவிட்டார். அப்போது சித்திரை மாதம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆற்றங்கரை ஏரல் பக்கத்து வயல்காட்டுக் குடும்பம். அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சித்திரையில வெதை போடச் சொல்லுதாரா? வெந்துல்லா போவும்! ஆத்தங்கரையிலயே இப்பம் யாரும் போடமாட்டாவ. உப்புக்காத்துல அங்கன என்ன மொளைக்கும்?"

மறுநாள் இதை நாசூக்காகப் பெரிய கிளார்க்கிடம் சொன்னேன்.

"நல்லாச் சொன்னீரு வே," என்றார். "சர்க்காருக்குச் சித்திரை ஏது, ஆடி ஏது? ஆர்டர் வந்த அன்னைக்குத்தான் பருவம்."

முட்டைக்கோசும் பீட்ரூட்டும் போட்டோம். முளைத்தவை வைகாசிக்குள் கருகின. கருகாமல் நின்ற இரண்டொன்றை ஆடிக் காற்று மணல் போட்டு மூடி அடக்கம் செய்தது. "விதை சரியில்லை," என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார்.

புரட்டாசியில் மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை ஏரலிலிருந்து வண்டிவண்டியாக வண்டல் வந்து இறங்கியது. கத்தரி நட்டோம், பாகலும் புடலும் ஊன்றிப் பந்தல் போட்டோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், குமாஸ்தாக்கள் ஊற்றிய தண்ணீருக்கு மசியாத செடிகள் எல்லாம் கிடுகிடுவென்று எழுந்துவிட்டன. வண்டலோடு வந்த தவளைகளும் எழுந்தன. டெலிபோனில் கொழும்புக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர், தவளைகள் மூச்சு வாங்கும் இடைவெளிக்காகக் காத்திருந்து பேச வேண்டியதாயிற்று.

பாகல் காய்த்தது. கைநீளக் காய்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. முதல் அறுப்பன்று ஆபீசில் எல்லோரும் ஆளுக்கொரு தம்ளர் பச்சைப் பாகற்சாறு குடிக்க வேண்டும் என்று பெரிய கிளார்க் அறிவித்திருந்தார். ஒருவன் ஓட்டப்பிடாரத்தில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அறுப்பைத் தொடங்கிவைக்கத் துரையையே அழைத்துவிட்டார். எங்கள் மானேஜர் துரை அதிகம் பேசாத வெள்ளைக்காரர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் குனிந்தார். கத்தரிச் செடியொன்றிலிருந்து விருட்டென்று ஒரு சிறு குருவி பறந்தது. துரை அப்படியே மண்டியிட்டுவிட்டார். வெள்ளைக் கால்சட்டையில் சேறு அப்பியது. அவர் கவனிக்கவில்லை.

இரண்டு கத்தரி இலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு பை. தையல்சிட்டின் கூடு. நூலுக்கும் மெத்தைக்கும், எங்கள் கிட்டங்கியில் ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளிலிருந்து கேட் பாஸ் இல்லாமல் குருவி எடுத்திருந்தது. உள்ளே மூன்று முட்டைகள்.

துரை எழுந்து இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் சொன்னார். குஞ்சு பறக்கும் வரை இந்தத் தோட்டத்துக்குள் யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது. கூட்டுக்குப் பெரிய கிளார்க்தான் பொறுப்பு. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரிய கிளார்க் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "தோட்டத்தைப் பார்த்து துரைக்கு ரொம்பச் சந்தோஷம்," என்று மொழிபெயர்த்தார். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. மாமனாரும் அன்றே குணமாகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாகற்காய்கள் அவர் கண்ணெதிரே மஞ்சளாகி, வெடித்து, சிவந்த விதைகளைக் காட்டிச் சிரித்தன. அணில்கள் வந்தன, கிளிகள் வந்தன. துரையின் உத்தரவு அவற்றுக்கு இல்லை. கிட்டங்கிப் பூனை ஒன்று கூட்டின் மேல் கண் வைத்திருந்ததால், மழையில் குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பைல்கள் அங்கேயே போய்வந்தன. நான்கைந்து நாளில் காய்ச்சல் கண்டுவிட்டது.

பார்க்கப் போனேன். கம்பளிக்குள் சுருண்டு, சுடச்சுடக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆபீசில் காப்பியை ஒழித்தவர் அவர்தான். என்னைக் கண்டதும் தம்ளரை மறைக்கப் பார்த்து, முடியாமல், "மருந்து வே. டாக்டர் சொல்லுதாரு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூனை வந்துச்சா?" என்று கேட்டார். "வரலை சார்," என்றேன். "யாரு பாக்கா?" "நாங்க மாத்தி மாத்திப் பாக்கோம்." பொய்யில்லை. பாகற்சாற்றிலிருந்து எங்களைக் காப்பாற்றிய குருவியை விட்டுவிட முடியுமா? கணக்குக்கூட அந்த வாரம் ஸ்டூலில்தான் எழுதினோம்.

அவர் எழுந்து வந்த வாரத்தில் குஞ்சுகள் பறக்கத் தயாராகிவிட்டன. துரை கொழும்புக்குப் போயிருந்தார். காலையில் வேலியோரம் அவரும் நானும் மட்டும். முதல் இரண்டும் தத்திப் பந்தல் கம்புக்குத் தாவி, அப்படியே பக்கத்து வேப்பமரத்துக்குப் போய்விட்டன. மூன்றாவது, இலை விளிம்பில் வெகுநேரம் தயங்கிக்கொண்டு நின்றது. தாய்க்குருவி மரத்திலிருந்து கத்திக் கூப்பிட்டது. பெரிய கிளார்க் வேலிக்கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போ ஏலே... போயிரு," என்று முணுமுணுத்தார். அது போயிற்று.

"மூணும் போயிட்டு வே," என்றார். கண்ணைத் துடைத்தார். காய்ச்சலில் எழுந்த உடம்பு, காற்று வேறு. காரணம் கேட்பது மரியாதையில்லை.

அன்று அறுக்கத் தடை ஏதுமில்லை. அறுக்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை. முற்றிய புடலங்காய் ஒன்று மட்டும் பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் கூட்டை இலையோடு கிள்ளி எடுத்துத் துரையின் மேஜையில் கண்ணாடித் தம்ளரில் வைத்தார். பிறகு அடுத்த விதைப்புக்கு என்று எங்களையெல்லாம் களை பறிக்க இறக்கினார்.