புரட்டு அல்ல, பிரட்டு

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த கறுப்பையா, ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். அதுவும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு. ஒரே வாத்தியார், ஒரே அறை, மழை பெய்தால் அதுவும் இல்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மனிதர் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் எழுத்துப் பழகினார். பேராதனைக்குப் போகிற பஸ் எது, மடவளைக்குப் போகிற பஸ் எது என்று பட்டம் வாங்கியவர்களும் பார்த்துத் தெரிந்துகொண்டது அவர் எழுதிய பலகையைத்தான். படித்தவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எழுதியவர் ஏணியில் மேலே நின்றார். உள்ளதைச் சொல்வதற்கு என்ன கூச்சம்.

அவர் ஒரு நாவலும் எழுதினார். ஐம்பத்து நாலு வயதில், தன் முதல் புத்தகம். போர்டுக்கு அடித்த ஒரு பூச்சுப் பெயிண்ட் காய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மற்றக் கடைக்காரர்கள் அந்த நேரத்தில் பிளேன்டீ குடித்து அரசாங்கத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பையா கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கதை எழுதினார். ஆறு வருடம் எழுதினார். 'ஏழாம் நம்பர் மலை' என்று பெயர் வைத்தார். ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் கதை. அந்தப் பெண் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி ரத்தினம்மாதான். கதையில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

கதை பிரட்டில் தொடங்குகிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், விடிவதற்கு முன்னால் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் ஆட்கள் எல்லாரும் ஓடிப் போய் வரிசையில் நிற்கிற இடம் பிரட்டுக்களம். அங்கேதான் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துவிடுவார்கள். பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. வெள்ளைக்காரன் 'பரேட்' என்றான். எங்கள் ஆட்கள் அதை வாயில் போட்டு மென்று பிரட்டு ஆக்கிக்கொண்டார்கள். ரத்தினம்மா இருபத்தெட்டு வருடம் பிரட்டுக்குப் போனவள். கைப்பிள்ளையோடும் போனாள், காய்ச்சலோடும் போனாள்.

கலண்டர் தாள்களைக் கட்டிக்கொண்டு கறுப்பையா மடவளை ரோட்டில் இருந்த முஹைதீனின் அச்சகத்துக்குப் போனார். கலியாணக் கார்டும் பள்ளிவாசல் நோட்டீசும் அடிக்கிற சின்ன அச்சகம். முஹைதீன் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எழுத்து முத்து மாதிரி ஈக்கி அண்ணே. ஆனா தமிழ் கொஞ்சம் தோட்டத்துத் தமிழா ஈக்கி. படிச்ச ஆள் ஒருத்தர் பார்த்தா நல்லம்."

"தாராளமாப் பார்க்கட்டும் நானா. ஒளிச்சு வைக்க என்ன இருக்கு" என்றார் கறுப்பையா. கண்டியில் முஸ்லிம் ஆட்களை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம்.

பார்த்தவர் நடராஜா மாஸ்டர். வடக்கிலிருந்து வந்து, கண்டிப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர் என்று ஊரில் பேர். அவர் திருத்தியும் கொடுத்து முன்னுரையும் எழுதுகிறார் என்று கேட்டபோது கறுப்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. அச்சுப் பிரதியைப் பார்க்க வருகிறீர்களா என்று முஹைதீன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "மாஸ்டர் பார்த்த பிறகு நான் பார்க்க என்ன இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார் கறுப்பையா. அது அவர் செய்த மடத்தனம். கடைசி வரைக்கும் அதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் முதல் பிரதி கைக்கு வந்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ரத்தினம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார். அவருக்குப் புத்தகமே தேவையில்லை, எல்லாம் மனப்பாடம்.

"'விடியுமுன் அவள் பிரட்டுக்குப் போனாள். அவளுக்கு முன் அவள் தாயும் பிரட்டுக்குப் போனாள்...'"

ரத்தினம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். புருஷனுடைய போர்டுகளைப் பார்த்துப் பழகிய வாசிப்பு. விரலை அந்த வரியில் வைத்தாள்.

"இருங்க. நீங்க வாயில சொல்றது ஒண்ணு, இங்க இருக்கிறது ஒண்ணு. இது 'பி' இல்லையே. பு... ர... ட்... டு."

கறுப்பையா புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். பார்த்தார் பார்த்தார், எழுத்து மாறவில்லை. 'விடியுமுன் அவள் புரட்டுக்குப் போனாள். அவளுக்கு முன் அவள் தாயும் புரட்டுக்குப் போனாள்.'

"புரட்டுன்னா பொய் பித்தலாட்டம்தானே?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"ஆமா."

"நான் எந்தப் புரட்டுக்குப் போனேன்? எங்க அம்மா எந்தப் புரட்டுக்குப் போனா? இருவத்தெட்டு வருசம் கூடை தூக்குனதுக்கு நீங்க போட்ட பேரா இது?"

"நான் போடல புள்ள."

"மேல உங்க பேருதானே இருக்கு."

கறுப்பையா பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். கடைசிப் பக்கம் வரை தேடினார். கதையில் நாற்பத்தொரு இடம். பிரட்டுக்களம் எல்லாம் புரட்டுக்களம். முன்னுரையில் தனியாக ஆறு.

வெள்ளிக்கிழமை காலை அச்சகம் திறந்ததும் கறுப்பையா உள்ளே நின்றார்.

"நானா, இதை யாரு மாத்துனது?"

"மாஸ்டர் செல்லித்தான் மாத்தின அண்ணே. எழுத்துக் கோர்க்கிறவன் கேட்டான், ரெண்டு தரம் கேட்டான். படிச்சவர் எழுதினதுக்கு நான் எப்படி மறுத்துச் செல்ற?"

மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஓம், நான்தான் திருத்தினனான். பிரட்டு எண்டு ஒரு சொல் அகராதியில இல்லைக் கறுப்பையா. தேடிப் பாத்திட்டுத்தான் மாத்தினன்."

"அகராதி எழுதினவரு எந்தத் தோட்டத்துல பேர் பதிஞ்சாரு மாஸ்டர்?"

"கோவிக்காதையுங்கோ. முதல்ல நீங்கள் எழுத்துப்பிழை விட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். பிறகு யோசிச்சுப் பாத்தால் அருமையான குறியீடு. சனத்தை ஏய்க்கிறதுக்கு வெள்ளைக்காரன் கூட்டின இடம், புரட்டுக்களம். உங்கட ஆழ்மனம் அப்பிடி எழுத வைச்சிருக்கு. முன்னுரையில அதைத்தான் விரிவாச் சொல்லியிருக்கிறன்."

"என் ஆழ்மனசும் அஞ்சாங் கிளாசுதான் மாஸ்டர். அதுக்கு இவ்வளவெல்லாம் தெரியாது. நான் எழுதினது பிரட்டு. பொம்பளைங்க விடியக்காலையில எந்திரிச்சுப் புரட்டுக்குப் போனாங்கன்னு அச்சடிச்சு வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை ஹந்தானையிலேருந்து நாப்பது பேர் வாறாங்க. அவங்க முன்னால இதை எப்படி வாசிப்பேன்?"

மாஸ்டரின் சிரிப்பு போய்விட்டது. முஹைதீனைப் பார்த்தார். முஹைதீன் மெஷினைப் பார்த்தார்.

"அப்ப 'பிழை திருத்தம்' எண்டு ஒரு துண்டு அடிச்சு வைப்பம்" என்றார் மாஸ்டர்.

"வைப்போம். நானே எழுதுறேன்."

மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, நின்றபடியே எழுதினார்:

'இந்தப் புத்தகத்தில் நாற்பத்தேழு இடத்தில் புரட்டு என்று இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் போனது பிரட்டுக்கு. புரட்டைச் சேர்த்தது திருத்தியவர்.'

முஹைதீன் வாசித்துவிட்டுக் காதைச் சொறிந்தார். "மாஸ்டர்ட மொகத்தைப் பார்த்துக்கிட்டு இப்படிப் போட ஏலுமா அண்ணே?"

"எங்க பொம்பளைங்க மொகத்தைப் பார்த்தா அவரு போட்டாரு?"

"அப்பிடியெண்டால் ஞாயிற்றுக்கிழமை நான் வரேல்லை" என்றார் மாஸ்டர், மெதுவாக. சிறுத்துப்போன குரல். கறுப்பையாவுக்கு ஒரு கணம் மனசு இளகியது உண்மை. உடனே 'மேல உங்க பேருதானே இருக்கு' என்பது காதில் விழுந்தது.

"வரணும். வந்து பேசணும். பேசுறப்போ அந்தச் சொல்லை உங்க வாயால சரியாச் சொல்லணும். மாட்டேன்னா ஒரு புத்தகம்கூட ஹாலுக்கு வராது. ஆறு வருசம் எழுதினவனுக்கு அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடவும் தெரியும்."

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்து கறுப்பையாவும் ரத்தினம்மாவும் கோதுமை மாப் பசை காய்ச்சி, முஹைதீன் அடித்துக் கொடுத்த துண்டை முன்னுரையின் தலைப்புக்கு மேலேயே ஒட்டினார்கள். "கொஞ்சம் கோணலா ஒட்டிட்டேன்" என்றாள் ரத்தினம்மா. "கோணலாவே இருக்கட்டும், கண்ணுல படும்" என்றார் அவர். ஒட்டி முடித்த புத்தகங்களைக் கட்டி வைத்தார்களே தவிர, அவை வெளியே போகுமா என்று இருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்காரர்கள் நேரத்துக்கு முன்னாலேயே வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் டவுன் முதலாளிமாரும் பள்ளிக்கூடத்து ஆட்களும். புத்தகக் கட்டுகள் மண்டபத்துக்கு வெளியே, முஹைதீனின் வேனில் இருந்தன. கறுப்பையா உள்ளே கொண்டுவர விடவில்லை.

விழா தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் வந்தார். யாரையும் பார்க்காமல் மேடை ஏறினார். அவருடைய முறை வந்ததும், எழுதிக் கொண்டுவந்த தாளைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டுப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். நாவலைப் பற்றிப் பேசினார், அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார். அந்த இடம் வந்தது.

"விடிய முன்னம் இந்தப் பெண் எழும்பி எங்கை போறாள்? புர..."

நின்றுவிட்டார். தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பிரட்டுக்குப் போறாள்" என்றார். "அந்தச் சொல்லை நான் அறியேல்லை. அறியாமல் கெடுத்துப்போட்டன்."

பின்வரிசையிலிருந்து வீரம்மா என்ற கிழவி, ரத்தினம்மாவோடு ஒன்றாகக் கொழுந்து பறித்தவள், உரக்கச் சொன்னாள்: "பரவால்ல வாத்தியாரே. பிரட்டுக்குப் பிந்தி வந்தாலும் வந்துட்டீங்க. நாங்களா இருந்தா வெரட்டி விட்டிருப்பாங்க."

மண்டபம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். கறுப்பையா சிரிக்கவில்லை. முஹைதீனுக்குக் கைகாட்டிக் கட்டுகளை உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

முன்வரிசை முதலாளி ஒருவர் முதல் பிரதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துக்கு நீட்டினார். கறுப்பையா மூன்றாம் பக்கத்தை விரித்து, இரண்டு புரட்டையும் வெட்டி, மேலே பிரட்டு, பிரட்டு என்று எழுதினார். பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததை வெட்டினார்.

"கையெழுத்து மட்டும் போதும் கறுப்பையா. பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்றார் முதலாளி.

"நிக்கட்டும்" என்றார் கறுப்பையா. "கதையில மட்டும் இன்னும் முப்பத்தெட்டு இருக்கு."