ஆடுகள் இல்லாத படம்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் ஒரு நாள் அளவுக்கு மேல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டால், ஏன் ஊற்றினார் என்று அன்று முழுக்க யோசிப்பேன். "ஒன்னயக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய், எங்களைச் சந்தேகப்படாதீர்கள் என்று ஜனங்களிடம் சொல்லுகிற வேலை.

தேனியில் ஒரு சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம். அதில் மக்கள் தொடர்புக்கும் செய்தித் தொடர்புக்கும் நான்தான் தலைமை. நிறுவனம் ஒரு கண்மாயைத் தூர்வாருவதற்கு முன்னால் ஊரைக் கூட்டிப் பேசுவது, தூர்வாரி முடித்ததும் படம் பிடித்து நாலு வரி எழுதி நிதி கொடுத்தவர்களுக்குக் காட்டுவது, இரண்டும் என் பாடு. விசிட்டிங் கார்டில் என் பதவி இரண்டு வரிக்கு நீளும். ஊர்களில் எனக்குப் பெயர் 'படம் பிடிக்கிற மேடம்'.

கம்பம் பக்கம் இந்த வேலை சுலபம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊர்கள். திராட்சைப் பந்தலுக்கடியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் யார் எவர் என்றே கேட்பார்கள். ஆண்டிபட்டி பக்கம் அப்படியில்லை. மழையை நம்பி விதைக்கிற காடு அது. வந்தவன் எதைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்களைத்தான் பிடித்திருந்தது. நம்ம ஆளுங்க என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய கண்மாய், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி, மண்ணை அள்ளி, மேற்குக் கரையில் மரக்கன்று நடுவது எங்கள் திட்டம். பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தவர்தான் அந்த ஊரில் எதற்கும் முதலில் வாய் திறப்பவர். நான் போன அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"யாரு துட்டு மேடம் இது?"

"ஒரு கம்பெனி குடுக்குறாக அண்ணே."

"அதான், எந்தக் கம்பெனி?"

தலைமை அலுவலகம் எனக்கு என்ன சொல்லியிருந்ததோ அதைத்தான் சொன்னேன். நல்ல கம்பெனி, பெயர் போட்டுக்கொள்ள விரும்பாதவர்கள் என்றேன்.

"பேரு போட்டுக்க ஆசப்படாத மொதலாளிய இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்" என்றார், பாய்லர் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுவதால் கேட்காமல் விட்டிருந்தேன்.

ஊர்க்கூட்டத்தைச் சாவடியில் வைத்தோம். ஆண்கள் மேலே, பெண்கள் கீழே படியோரமாக. திட்டத்தைச் சொல்லி முடித்ததும் படியோரத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. ஆட்டுக்கார அக்கா. புருஷன் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார், இவர் இங்கே வெள்ளாடு வைத்துப் பிழைக்கிறார்.

"ஏம் தாயி, மேக்கால கரைலதான் என் ஆடுக தண்ணிக்கு எறங்கும். வேலி கீலி போட்டுற மாட்டீகளே?"

"மாட்டோம்க்கா." என் கையிலிருந்த திட்டத்தில் வேலி என்ற பேச்சே இல்லை. அதனால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னேன்.

அடுத்ததுதான் வினை. சென்னையில் இருக்கும் எங்கள் இயக்குநருக்கு 'மண்ணின் மரபு' என்றால் உயிர். ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எல்லோருக்கும் நீட்ட வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. கம்பம் பக்கத்தில் எடுத்துக்கொண்டார்கள், படமும் லட்சணமாக வந்தது. இங்கே நான் தாம்பாளத்தோடு நடக்கிறேன், ஒருவர் கையும் நீளவில்லை. ஒருவர் விட்டத்தைப் பார்க்கிறார், ஒருவர் சட்டைப்பையைத் தடவுகிறார். வெற்றிலை போட்டுப் போட்டே பல் சிவந்த பெரியவர்கூட "வேணாந்தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று.

"அட என்னப்பா ஆளுக நீங்க! பிள்ள எம்புட்டு நேரந்தான் கைய நீட்டிக்கிட்டே நிக்கும்?" என்று அக்கா எழுந்து வந்து, வெற்றிலையும் பாக்கும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் சாவடி கப்சிப் ஆகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடைக்காரர் விளக்கம் சொன்னார். "சாவடில ஒரு விசயத்தப் பேசி முடிச்சுத் தட்ட நீட்டுனா, எடுத்தவுக ஒத்துக்கிட்டாகன்னு அர்த்தம். நெலம் கிரயமாகட்டும், புருஷன் பொண்டாட்டி அத்து விடுறதாகட்டும், இங்கன அப்படித்தான். அந்த ஆட்டுக்காரப் பிள்ள எடுத்துருச்சு. இனிமே நல்லதோ கெட்டதோ அது தலைலதான் விடியும்."

அடிப்பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் உத்தமபாளையம் வீட்டிலேயே தட்டு மாற்றிவிட்டால் அப்புறம் கல்யாணப் பேச்சில் ஒரு சொல் மாறக்கூடாது. அது தெரிந்தும், விருந்தாளிக்குக் கொடுக்கிற தாம்பூலம் மாதிரிதானே இது என்று நினைத்துவிட்டேன். அக்காவைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "வேலி இல்லன்னு நீதான் சொல்லிட்டியே. பெறகு எனக்கென்ன பயம்?"

வேலை நடந்தது. இயந்திரம் வந்தது, கருவேலம் போனது, அள்ளிய வண்டலை வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் மழையும் வாய்த்தது. தண்ணீர் கிடந்த கோலத்தைப் பார்த்து டீக்கடைக்காரரே ஒரு நாள் என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன் என்று வையுங்கள்.

அக்காவை வைத்து ஒரு வீடியோ எடுத்தேன். அரக்குச் சேலையில் வந்தார், தலையில் பிச்சிப்பூ. முதலில் எடுத்தது பிடிக்கவில்லை, மூஞ்சி வெளிறிக் கெடக்கு, திரும்ப எடு என்றார். எடுத்தேன். கரையில் நின்று, ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் பேசினார். "இந்தத் தண்ணியப் பாத்தா வகுறு குளுந்துபோகுது. இங்கனயே ஒரு வீட்டக் கட்டிக்கிட்டு இருந்துரலாம்போல இருக்கு." சொல்லிவிட்டு வெட்கத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்போடு முடித்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல வீடியோ அதுதான், எங்கள் நிறுவனப் பக்கத்தில் போட்டேன். அக்கா அதைத் தன் போனில் வாங்கி, கிடைத்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

பிறகு இயக்குநரிடமிருந்து போன் வந்தது. "வீடியோ அருமை. இன்னும் சில படம் வேணும். மேற்குக் கரைல நின்னு எடுங்க. ஆடு வரக்கூடாது. துணி துவைக்கிறவங்களும் வேண்டாம். தண்ணியும் வானமும் மட்டும்."

தொண்டு நிறுவனத்துக்கு ஜனங்கள் இல்லாத படம் எதற்கு? எனக்கு அரிப்பெடுத்துவிட்டது. மேற்குக் கரையில் ஏறி நின்றேன். முன்னால் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் கரைக்கு அந்தப் பக்கம் தரிசுக் காடு, அதில் வரிசையாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லு. புதுக் கல்லு. அங்கிருந்தே போன் போட்டேன்.

"சார், நமக்கு நிதி குடுக்குறவங்க என்ன வியாபாரம்?"

"ஏன் கேக்குறீங்க?"

"பின்னாடி பிளாட்டுக்குக் கல்லு நட்டிருக்காங்க."

"மேடம், நம்ம வேலை கதை சொல்றது. மத்ததைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அடுத்த வாரமே கரையில் சிமெண்ட் தூணும் கம்பிச் சுருளும் வந்து இறங்கின. மரக்கன்றைக் காப்பாற்ற என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொழுந்தனார் ஒரு வீடியோ போட்டார். 'அண்ணி, உங்க ஆபீஸ் பக்கம்தான? இடம் நல்லா இருக்குமா?' என்று கேட்டிருந்தார். திறந்தால் அரக்குச் சேலை, பிச்சிப்பூ. "இங்கனயே ஒரு வீட்டக் கட்டிக்கிட்டு இருந்துரலாம்போல இருக்கு." அந்தச் சிரிப்பு. அதை அடுத்து ஓர் ஆண்குரல், ஏரிக்கரையோரம் வீட்டு மனைகள், முந்துங்கள் என்றது. ஆடுகளை வெட்டி எடுத்திருந்தார்கள்.

கோபமா, அவமானமா, தெரியவில்லை. நாசமாய்ப் போறவனுங்களா என்று கத்தினேன். வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

எனக்கு முன்பே ஊருக்கு அந்த வீடியோ போயிருந்தது. மறுநாள் அக்காவின் போன் வந்தது. குரல் கம்மிக் கிடந்தது. "கொழாயடில ஒருத்தியும் பேச மாட்டேங்குறா தாயி. ஊர வித்துட்டன்னு சொல்றாக. நாந்தான பாக்கு எடுத்தேனாம், வீடு கட்டலாம்னு கூப்புட்டதும் நாந்தானாம். கிராம சபைல தீர்மானம் வருதாம். அது நெறவேறுனா கரையப் பூட்டிப்புடுவாகளாம். என் ஆடுக எங்கிட்டுப் போகும்? நான் எங்கிட்டுப் போவேன்?"

தீர்மானம் வருவது உண்மைதான். கண்மாய்க்கரைப் பராமரிப்பை எங்கள் நிறுவனத்திடம் ஒப்படைப்பதாகத் தீர்மானம். அதை ஊருக்கு நயமாக எடுத்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான். பேச்சை எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

கிராம சபையில் என்னை அழைத்ததும் எழுந்து போனேன். எழுதித் தந்ததை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். நிதி கொடுத்தவர்கள் மனை விற்கிறவர்கள், வேலி மரக்கன்றுக்கு அல்ல, மனை வாங்க வருகிறவர்கள் கண்ணில் ஆடு படாமல் இருக்கத்தான், தீர்மானத்தை நிறைவேற்றாதீர்கள் என்றேன்.

கைதட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை.

"இது என்ன புது நாடகம்?" டீக்கடைக்காரர்தான். "அன்னைக்கு இதே வாயிதான வேலி இல்லன்னுச்சு?"

"பங்குல தகராறு போல."

"இவுகளே வேணாம்னு சொல்லுவாக, நாம வேணும்னு விழுவோம்னு பாக்குறாக. வெவரமான ஆளுக!"

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமும் இறுகியது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் வாயை நானே இத்தனை நாளாகக் கெடுத்து வைத்திருந்தேன்.

அக்கா எழுந்தார். அவர் பேசக்கூடாது என்று இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். அவர் நிற்கவில்லை.

"நான் ஒன்னும் இவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வரல. இவளால நான் பட்டது போதும். ஆனா ஒண்ணு சொல்றேன். இங்கன வந்த நாளெல்லாம் இவ சிரிச்சுக்கிட்டே பேசுனா. வேலி இல்லன்னப்பயும் சிரிப்பு, கம்பெனி நல்ல கம்பெனின்னப்பயும் சிரிப்பு. இன்னைக்கு மூஞ்சியப் பாருங்க. சிரிக்கலல்ல? அப்ப இதுதான் நெசம்."

டீக்கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கள்ள நோட்டா என்று பார்க்கிற மாதிரி. பிறகு, "சரி, தீர்மானத்தத் தள்ளி வைங்கப்பா" என்றார். தள்ளி வைத்தார்கள். அது மறுபடி வரவேயில்லை. தூணும் கம்பியும் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. அன்று மாலையே இயக்குநர் அழைத்தார், இரண்டு வரிப் பதவியும் போயிற்று. போனால் போகட்டும்.

ஒரு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். மேற்குக் கரையில் ஆடுகளோடு நின்றிருந்தார். ஊர் பேசுகிறதா என்று கேட்டேன். பேசறாக, முன்ன மாதிரி இல்ல, என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"நேத்து என் மக அனுப்பிருக்கா, திருப்பூர்லருந்து. அங்கன யாரோ அவளுக்கு அனுப்பிருக்காக. 'ஏத்தா, வீட்டு மன விக்கிறியா'ன்னு கேக்குறா. இத எடுத்துரு."

நான் எழுதிக் கேட்டிருந்ததையும், அந்தக் கம்பெனி தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டதையும் சொன்னேன். அது ஒரு இடத்தில்தான், அதற்குள் ஆளுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள், எந்தெந்தப் போனில் இருக்கிறதோ தெரியாது என்றேன்.

அவருக்கு அது பிடிபடவில்லை. "எடுத்தவ நீதான?"

"நாந்தான்க்கா."

"போட்டவ நீதான?"

"ஆமாக்கா."

"அப்ப ஒன்னாலயே எடுக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானையை இழுத்து முகத்தோடு போர்த்தி, ஆடுகளைத் தண்ணீருக்கு இறக்கினார்.