குறிப்பம்மா மாற்றிய ஒரு சொல்

சட்டமன்றத்தில் அவரை எல்லோரும் குறிப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சபாநாயகர் இருக்கைக்குக் கீழே, அவையின் நட்டநடுவில் ஒரு நீள மேசை. உறுப்பினர்கள் பேசுவதை அங்கே உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுப்பது அவர் வேலை. பத்து நிமிடம் எடுக்க வேண்டும். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்ததும் எழுந்து பின்னறைக்குப் போய், எடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும். மறுபடி வந்து உட்கார வேண்டும். முப்பத்தொரு வருடமாக இதேதான். இருமலை வைத்தே ஆள் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார் என்று பின்னறையில் ஒரு கேலி உண்டு.

அந்தப் பின்னறைக்கு ஒரு வழக்கமும் இருந்தது. உறுப்பினர்கள் வீட்டில் பேசுகிற மாதிரியேதான் அவையிலும் பேசுவார்கள். ஆனால் அச்சில் வரும்போது அது ஒழுங்கான தமிழாக வந்தாக வேண்டும். 'போவுது' என்றால் 'போகிறது'. 'இல்லீங்க' என்றால் 'இல்லை'. அந்தரத்தில் நிற்கிற வாக்கியத்துக்கு ஒரு முடிவு போட்டு இறக்கிவைப்பதும் உண்டு. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மெழுகுறது'. எத்தனையோ உளறுவாயர்களை அந்த அறை பேச்சாளர்களாக்கி அனுப்பியிருக்கிறது. ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. அச்சில் பார்த்ததும், தாங்கள் அப்படித்தான் பேசினோம் என்று அவர்களே நம்பிவிடுவார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மசோதா வந்தது. ஆணோடு ஆணாகவோ பெண்ணோடு பெண்ணாகவோ சேர்ந்து வாழ்பவர்களுக்கும் திருநர்களுக்கும் வாடகை வீடு மறுக்கக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது என்பது அதன் சாரம். குறிப்பம்மாவின் தம்பி அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறான். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லி, அதற்குள் ஐந்து வீடு மாறியாகிவிட்டது.

அவர்களுடைய சொந்தத் தொகுதி உறுப்பினர்தான் எதிர்த்துப் பேச எழுந்தார். "அதுங்களுக்கு எதுக்கு வீடு? அதுங்க இருந்தா பக்கத்து வீட்டுக்காரன் எப்படிக் குடியிருப்பான்?" என்று வாய்கூசாமல் கேட்டார். நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். குறிப்பம்மாவின் பென்சில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பின்னறைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் கை ஓடவில்லை. ஆடுமாடுகளைச் சொல்கிற சொல்லால் தம்பியைச் சொல்லிவிட்டார்கள். அதைத் தன் விரலாலேயே அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. 'அவர்களுக்கு எதற்கு வீடு?' என்று அடித்தார். அடுத்த வரியிலும் 'அவர்கள்' என்றே அடித்தார். தம்பிக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தார், பாவம். மசோதா தோற்றது.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. இருவருக்கும் மூத்த அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, அவையில் தான் கேட்டதைத் தம்பி சொன்னான். அண்ணனுக்கு அந்த உறுப்பினர் என்றால் உயிர். அவர் அப்படிப் பேசுகிற மனுஷனே இல்லை, நீதான் எல்லாவற்றையும் தப்பாக எடுத்துக்கொள்கிறாய் என்று ஒரேயடியாகச் சாதித்தார். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"நீதானக்கா எழுதின. புத்தகத்துல என்ன இருக்கு, சொல்லு."

"அவர்கள்னுதான் இருக்கு" என்றார் குறிப்பம்மா. அது பொய்யும் இல்லை.

காதை டாக்டரிடம் காட்டச் சொல்லி அண்ணன் சிரித்தார். அன்றிலிருந்து அது குடும்பத்தின் நிரந்தரக் கேலியாகிவிட்டது. தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் கடையில் யாராவது முதுகுக்குப் பின்னால் ஏதாவது சொன்னால், "நான் சரியாக் கேட்டேனான்னு தெரியல" என்றுதான் வீட்டில் வந்து பேச்சையே ஆரம்பிக்கிறான் என்று மெக்கானிக் ஒருமுறை குறிப்பம்மாவிடம் சொன்னார். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தியதில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. தள்ளிப்போடுவதும் ஒரு உத்தியோகம்தான்; அதில் லீவும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

இந்த வருடம் அதே மசோதா மறுபடி வருகிறது. ஒவ்வொரு உறுப்பினரும் இதுவரை என்ன பேசினார், எப்படி ஓட்டுப் போட்டார் என்று திரட்டி வெளியிட ஒரு பெண் வக்கீல் சட்டமன்ற நூலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். தொகுதி உறுப்பினரோ மேடைக்கு மேடை சவால் விட்டுக்கொண்டிருந்தார்: எதிர்த்து ஓட்டுப் போட்டது உண்மைதான், ஆனால் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியிருக்கிறேனா, குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். வக்கீல் புரட்டிப் பார்த்தார். இல்லை. 'கண்ணியமாகப் பேசினார்' என்று எழுதுவதற்கு முன்னால், அச்சில் இருப்பது பேசியபடியேதானா என்று குறிப்பம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவர் நழுவிவிட்டார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சுருக்கெழுத்து நோட்டுகளை ஐந்து வருடத்தில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மிஞ்சியிருப்பது தம்பியின் காதும் இவருடைய வாயும்தான்.

இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, திருத்தம் கேட்டு ஒரு கடிதம் எழுதி அவைச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். செயலாளர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். குழந்தைகளைக்கூட நாம் 'அதுங்க' என்றுதானே சொல்கிறோம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த மாதிரி எத்தனை சொல்லை மெழுகியிருப்பீர்கள் என்று கேட்டார்.

"அதுக்கு அளவே இல்லைங்க."

"இதை மட்டும் திருத்தினா மத்ததையெல்லாம் யார் நம்புவாங்க?"

கடிதம் கைக்கே திரும்பி வந்தது. வெளியே வாய் திறந்தால் விசாரணை வரும், ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம்தானே, பேசாமல் இருங்கள் என்று ஒரு புத்திமதியும் கூடவே வந்தது.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனார். இது ஏழாவது வீடு. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். குறிப்பம்மா உட்கார்ந்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: நீ கேட்டதுதான் சரி, அவர் அப்படித்தான் பேசினார், மாற்றி அடித்தது நான்.

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அவன் கத்தவில்லை. மெக்கானிக் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எதுக்குக்கா மாத்தின?"

"உன்னைச் சொன்னதை என் கையால அடிக்க முடியலடா. மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

"யாருக்கு மரியாதை? அது அவருக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சு. எனக்குக் காது சரியில்லைன்னு பேரு."

குறிப்பம்மா செயலாளர் சொன்னதையும், விசாரணையையும், ஏழு மாதத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வேண்டாம் விடுக்கா என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்ற நப்பாசை அவருக்கு இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றான் தம்பி. "பெருந்தன்மையா இருந்து இருந்து எனக்கும் அலுத்துப்போச்சுக்கா."

குறிப்பம்மா போனை எடுத்து வக்கீலை அழைத்தார். அச்சில் இருப்பது பேசியபடி இல்லை என்றார். குறிப்பெடுத்தவர் என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அப்படியானால் அவர் பேசியதை அப்படியே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார் வக்கீல்.

அந்த வீட்டுக்குள், அந்த இரண்டு பேர் முன்னால் அதைச் சொல்ல நாக்கு கூசியது. ஆனாலும் மெழுகாமல் சொன்னார்.

"'அதுங்களுக்கு எதுக்கு வீடு? அதுங்க இருந்தா பக்கத்து வீட்டுக்காரன் எப்படிக் குடியிருப்பான்?'"

தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"ஆமா, இதேதான்" என்றான் மெக்கானிக்கிடம். "நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."