கரை தெரிந்தாலும் எஞ்சினை அணைக்காதீர்கள்

கார் சர்வீஸ் நிலையத்தில் வண்டியின் நோயைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. ஓட்டுகிறவரின் பழக்கத்தைக் கண்டுபிடிக்க என்னைப் போல ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் இந்த நாற்காலிக்கு வந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குச் சட்டென்று பேச வராது. அதனால் நிறையப் பார்ப்பேன். டர்போ வண்டியைப் புதிதாக வாங்கிவிட்டு, புகை வந்தாலும் பயம், சத்தம் வந்தாலும் பயம் என்று இருக்கும் உங்களுக்காக, பாம்பன் இபுராம்சா அண்ணனின் காரைப் பற்றிச் சொல்கிறேன்.

கரை தெரிந்ததும்

இபுராம்சா அண்ணன் படகு வைத்து மீன் பிடிப்பவர். அவர் மனைவி ஜொகரா அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. வாராவாரம் ராமநாதபுரம் வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முடித்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு போக உடம்பில் தெம்பு இருக்காது. அதற்காகவே ஒரு பழைய டர்போ டீசல் காரை வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே, பாம்பன் பாலத்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, நீலமாகப் புகைகிறது என்று எங்களிடம் வந்தார்.

வந்த விதத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நெடுஞ்சாலை வேகத்திலேயே திரும்பியவர், வாசலுக்கு முன்பே எஞ்சினை அணைத்துவிட்டார். கார் சத்தமில்லாமல் மிதந்து வந்து எங்கள் பூந்தொட்டியை உரசி நின்றது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ பழுக்கக் காய்ந்து சுழல்கிற பொருள், எண்ணெய் ஓடும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு, சட்டென்று அணைத்தால் உள்ளே நிற்கிற எண்ணெய் கருகிப்போகும், ஆகவே நின்றபிறகு ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள் என்று மேசையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார்.

"கரை தெரிஞ்ச பெறகும் எஞ்சினை ஓடவிட்டா மணல்ல படகு விசிறி தட்டிரும் தங்கச்சி."

நல்ல தண்ணீர்

எங்கள் மெக்கானிக் கருப்பசாமி அண்ணன், கடலாடிக்காரர், கழற்றிப் பார்த்தார். டர்போவின் தண்டில் லேசாக ஆட்டம் இருந்தது. பக்குவமாக ஓட்டினால் ஓடும், இல்லாவிட்டால் நடுவழியில் விட்டுவிடும் என்றார். எண்ணெய் மாற்றி அனுப்பினோம்.

அடுத்த முறை அந்தக் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கடலுக்குப் போய் வந்த படகு எஞ்சினை உப்புப் போக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது அங்கே வழக்கம். இவரும் கடற்கரைச் சாலையில் ஓட்டிவந்த கையோடு பானெட்டைத் திறந்து, கொதிக்கிற எஞ்சின் மேல் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார். ஒயர் இணைப்புகளில் எல்லாம் தண்ணீர். டர்போ கூடு வெடிக்காமல் இருந்தது அதிர்ஷ்டம். ஆனால் அன்று டயாலிசிஸ் நாள். ஜொகரா அக்கா பஸ்ஸில் போய் டயாலிசிஸை முடித்து, ஊசி குத்திய கையில் கட்டோடு நேராக எங்களிடம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருப்பசாமி அண்ணன் அவர் கணவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே வந்தார்.

"ஏசாதீக தம்பி. வீட்டுல குடிக்கத் தண்ணியில்லாத அன்னைக்கும் எஞ்சினுக்கு நல்ல தண்ணி எடுத்து வைக்கிற மனுசன் இவுக."

சலவாத்து

ஒரு நிமிஷம் காத்திருப்பது அவருக்கு எளிதாக இல்லை. எங்கள் முற்றத்திலேயே பழக்கிப் பார்த்தோம். வண்டி நின்றதும் கை தானாகச் சாவிக்குப் போனது. "இந்த ஒரு நிமிசம் நான் என்னதான் செய்ய?" என்று எரிச்சலோடு கேட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா, "சலவாத்து ஓதுங்க. ஓதி முடிச்சு அணைங்க" என்றார். நபிக்காக ஓதும் அந்த வாசகத்தை அண்ணன் உதடு அசைய ஓதினார். கை தொடையிலேயே இருந்தது. கருப்பசாமி அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எந்தச் சாமியக் கும்புட்டாலும் சரிண்ணே, ஆயிலு மட்டும் குறையாம பாத்துக்கங்க."

மிதிக்கலாமா?

ஒரு நாள் காலை, நான் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன், தொலைபேசி அடித்தது. "தங்கச்சி, அவளுக்கு மூச்சு ஏறல. பாலத்துக்கிட்ட வாரேன். வண்டிய மிதிக்கலாமா?" பின்னால் அக்கா மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. டர்போ தண்டில் இருந்த ஆட்டம் நினைவுக்கு வந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டதாம், வந்து சேர நேரமாகுமாம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கருப்பசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒரே ஒரு தடவை தலையசைத்தார். "மிதிங்க அண்ணே" என்றேன்.

வண்டி நடுவழியில் விட்டுவிடவில்லை. அக்கா தீவிர சிகிச்சையில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பினார். எண்ணெய் மாற்ற இருவரும் வந்தபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. மருத்துவமனை வாசலில் அண்ணன் காரை ஓடவிட்டபடியே அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார். காவலாளி "யோவ், அணைச்சிட்டுப் போய்யா!" என்று கத்த, இவர் படியிலிருந்தே "ஒரு நிமிசம் ஓடட்டும்ணே, டர்போ கருகிரும்!" என்று பதிலுக்குக் கத்தியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் மவுத்துக்குப் பக்கத்துல கெடக்கேன், இவுகளுக்கு வண்டி மூச்சு வாங்குறதுதான் கவலை. நீ நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்கே தாயி."

வண்டிக்கு வாரண்டி எழுதித் தருகிறோம், அதில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு எழுதித் தர முடிவதில்லை. ஆகவே எண்ணெயையாவது நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.