மிஷின் ஓடும்போது மட்டும்

வீட்டிலிருந்து கொண்டுவந்த குஷனை இரும்பு ஸ்டூலில் ஓங்கிப் போட்டு உட்காருவாள். பெடலை மிதித்த மறுகணம் வாயும் ஓடத் தொடங்கிவிடும். சட்டைக் காலர் தைத்தே தலை நரைத்ததால் அந்தத் தையல் கூடத்தில் அவளுக்குக் காலர்க்காரி என்றே பெயர். முதலாளி, மேனேஜர், சூப்பர்வைசர் என்று ஒருவர் விடாமல் வறுத்தெடுப்பாள், ஆனால் மிஷின் ஓடும்போது மட்டும். கால் நின்றால் வாயும் நின்றுவிடும். அந்த இரைச்சலில் அவள் திட்டுவது அவளுக்கே கேட்காது. ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள் என்றுதான் மேனேஜர் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மிஷினில் இருக்கும் இளைய நாத்தனார் மட்டும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, தலையைக் குனிந்து சிரிப்பாள்.

மேனேஜருக்கு அவள் வைத்த பெயர் ‘போயிடும்’. கூலி என்று யார் வாயைத் திறந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். “ஏத்திக் கேட்டா ஆர்டர் போயிடும்மா. நம்மளவிடக் கம்மிக்குத் தைக்க வேற நாட்டுல ஆள் ரெடியா இருக்கான்.” அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் இதையேதான் சொன்னார். ஒரு கூடம் மூன்றாகிவிட்டது, அவருடைய ஸ்கூட்டர் காராகிவிட்டது, போகவேண்டிய ஆர்டர் மட்டும் இன்னும் போனபாடில்லை. “கிளம்புறேன் கிளம்புறேன்னு சொல்லிட்டு சாப்பாட்டுக்கு உக்கார்ற விருந்தாளி மாதிரில்லடி இருக்கு இவன் ஆர்டரு!” என்பாள் நாத்தனாரிடம், பெடலை அழுத்தியபடி.

முதல் மாதச் சம்பளத்தில் அவள் வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கினாள். அதில் பிறந்த மகள் இப்போது இதே கூடத்தில் பொத்தான் வைக்கிறாள். மகளின் ஒரு மாதச் சம்பளத்தில் அந்தக் கட்டிலுக்கு மெத்தைகூட வாங்க முடியாது. நோட்டு கூடியிருக்கிறது, அதற்குக் கிடைக்கும் பொருள்தான் தேய்ந்துவிட்டது. நூல் விலை ஏறினால் கேட்டதைக் கொடுக்கிறார்கள். கரண்ட் பில் ஏறினால் கட்டுகிறார்கள். நூல்காரனிடம் போய் ‘ஆர்டர் போயிடும்’ என்றால் அவன் மூட்டையை இறக்கமாட்டான். தைக்கிறவள் கூலியில் மட்டும் கத்தரி தாராளமாக விழுகிறது. இதற்கு அநியாயம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. மிஷின் சத்தத்துக்கடியில் வாயை ஒளித்துவைத்து மகளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இதுதானா என்று பெடலை இன்னும் வேகமாக மிதிக்கிறாள்.

போன வாரம் மேனேஜர் கூடத்துக்கே வந்து மகளின் முன்னால் நின்றார். சூப்பர்வைசர் கை காட்ட, மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

“அடுத்த மாசத்துலேர்ந்து பொத்தான் கூலி கொஞ்சம் குறையும். அனுசரிச்சுக்கங்க. இல்லேன்னா ஆர்டர் போயிடும்.”

மகள் தலையைக் குனிந்தபடி, “சரிங்க சார்” என்றாள்.

ஒரே ஒரு மிஷின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கடியில் துணிகூட இல்லை. மேனேஜர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா, இன்னிக்கு என்ன பாட்டு?”

காலர்க்காரி மகளைப் பார்த்தாள். பெடலிலிருந்து காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

வாய் நிற்கவில்லை.