பச்சைக் குழை தாழ்த்திய மண்

ரயிலில் எனக்கு எதிரே இருந்த கிழவர் சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலொன்றை எடுத்து நெற்றியில் தைலம் பூசினார். யூக்கலிப்டஸ். பெட்டி முழுக்க ஏறிவிட்டது அது. எல்லோரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, என்னுடைய நிறுத்தம் இல்லையென்று தெரிந்தும் இறங்கி, நடைமேடையில் நின்று மூச்சு வாங்கினேன். சளிக்கு நல்லது, தலையிடிக்கு நல்லது என்று ஊரெல்லாம் நம்புகிற அந்த வாசம் எனக்கு ஒரு குழியின் வாசம். சிட்னியில், பென்டில் ஹில்லில், அக்கா வீட்டுப் பின்வளவில், நானே வெட்டி, நானே நிரப்பி, நானே பாழாக்கிய குழி.

அக்காவின் புருஷன், என் அத்தான், அந்த வருடம் புற்றுநோயோடு இருந்தார். அது முதுகெலும்புக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரி மருந்து வலியைக் குறைத்தது. கூடவே ஆளையும் குறைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்தபடி உறங்கிப்போவார். கண் விழித்தால், வலி அவருக்கு முன்னமே விழித்துக்கொண்டு காத்திருக்கும். டொக்டர் எழுதித் தந்த கஞ்சா எண்ணெயையும் குடித்துப் பார்த்தாயிற்று. அரை மணித்தியாலத்தில் வாந்தி. கஞ்சித் தண்ணீரே நிற்காத வயிறு.

“மச்சான், இலையாப் புகைச்சுப் பாத்தால் என்ன?” என்றார் ஒருநாள். “வயித்துக்கால போற கரைச்சல் இல்லையே.”

என்னோடு வேலை செய்யும் ஒருவன் ஐந்து கஞ்சா விதை தந்தான். மிளகை விடச் சின்னது, சாம்பலில் வரி ஓடியது. வீட்டில் ஒரு செடி வைத்தாலும் இந்த மாநிலத்தில் குற்றம். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“பொலிஸ் வந்தால் நான் என்னெண்டு சொல்லுறது?” என்றாள் அக்கா.

“துளசி எண்டு சொல்லு. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்,” என்றேன் நான்.

“உந்தச் செடியைப் பற்றி அவங்களுக்குத்தான் முதல் தெரியும்!”

அத்தான் சிரித்தார். சிரிப்பு விலாவில் பிடித்து, பாதியில் நின்றது. மறுநாள் காலை குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு சத்தம் போட்டார். மனிதத் தொண்டையிலிருந்து வருமென்று நான் எண்ணியிராத சத்தம். அதற்குப் பிறகு அக்கா பொலிஸைப் பற்றிப் பேசவில்லை. மண்வெட்டி எங்கே இருக்கிறதென்று மட்டும் கையால் காட்டினாள்.

ஆடி மாதம், இங்கே குளிர்காலம். புரட்டாதியில் விதை போட்டால் தைக்குள் இலை கிள்ளலாம் என்று அத்தான் கணக்குப் போட்டார். தைக்கு அப்பால் எதையும் அவர் கணக்குப் போடவில்லை. இளமையில் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். புகையிலைக்கு மண் பண்படுத்தத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையா என்பது அவருடைய எண்ணம். கைதான் அவரிடம் இல்லை. ஆகவே என் கை. அவர் குசினிக் கதவடியில் கதிரையைப் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்தபடி ஏவுவார்.

சிட்னியின் மேற்குப் பக்கத்து மண் களி. நனைந்தால் மண்வெட்டியை விடாது, காய்ந்தால் மண்வெட்டியைத் தொடவிடாது. ஒரு முழத்துக்குக் கீழே அது மஞ்சளும் சிவப்புமாக, அறுத்த இறைச்சியைப் போல இருந்தது. குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையிலும் அப்படியே வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

“வேர் அழுகிப்போம். மேட்டுப் பாத்தியாக் கட்டு. ஆட்டெரு எடு. எல்லாத்துக்கும் முதல் குழை தாழ்.”

பச்சை இலைதழையை வெட்டி மண்ணுக்குள் புதைத்து மக்கவிடுவதைத்தான் குழை தாழ்ப்பது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வேலிப் பூவரசிலிருந்து வெட்டுவார்களாம். இங்கே வேலி தகரம்.

அந்தக் கிழமை காற்றடித்து, தெருமுனையில் பெரிய மரமொன்றின் கொப்பு முறிந்து விழுந்தது. மாநகரசபை ஆட்கள் அறுத்து ஓரத்தில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். நீண்டு வளைந்த, கத்தி போன்ற இலைகள். காரின் பின்பெட்டி நிறைய, மூன்று தடவை ஏற்றி வந்தேன். வண்டி முழுக்கத் தைல வாசம். நல்ல சாமான், கிருமியையும் கொல்லும் என்றுகூட நினைத்தேன்.

“பச்சையோ?” என்று கதிரையிலிருந்து கேட்டார்.

“பச்சைதான் அத்தான். பாருங்கோ.” ஒரு கொப்பைத் தூக்கிக் காட்டினேன்.

“பிறகென்ன, தாழ்.”

கீமோவோடு அவருடைய மணம் அறியும் புலன் போய்விட்டிருந்தது. பத்தடி தூரத்தில் நான் ஒரு முழு மரத்தின் தைலத்தை மண்ணுக்குள் மிதித்து இறக்கிக்கொண்டிருந்தேன்; அவருக்கு அது வெறும் பச்சை நிறம். எனக்கு மூக்கு இருந்தது. அறிவு இருக்கவில்லை. இருபது வருடம் இந்த நாட்டில், அந்த மரங்களுக்குக் கீழே வேறொன்றும் தழைத்து நிற்பதில்லை என்பதை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

ஐந்து கிழமை போனது. அத்தான் கதிரைக்கு வருவது ஒருநாள் விட்டு ஒருநாளாயிற்று, பிறகு கிழமைக்கொருநாள். விதையை நம்பி இறக்க முன்னம் மண்ணைச் சோதிக்கவேண்டும் என்று குசினியிலிருந்து கடுகு எடுத்து எறியச் சொன்னார். எறிந்தேன். பத்து நாளில் நாலைந்து முளைத்தது. முளைத்ததும் மஞ்சளாகித் தலை சாய்ந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் கோயம்புத்தூர்க்காரி. கம்ப்யூட்டர் வேலை, படித்தது விவசாயம். ஏன் சாய்ந்ததென்று பார்க்க நான் பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணா போடப் போறீங்க? குழி இவ்ளோ பெருசா இருக்கு?”

“கத்தரி.”

“கத்தரிக்கா? யானையே புதைக்கலாம் போல!” என்று சிரித்தவள், கிளறிய மண்ணில் கிடந்த இலையைக் கண்டதும் சிரிப்பை விட்டாள். “ஐயோ அண்ணா, யூக்கலிப்டஸையா உள்ள போட்டீங்க? அதுவும் பச்சையா? அந்த எண்ணெய் மத்த செடிய வளரவே விடாதுண்ணா. மொத்தத்தையும் எடுத்துப் போட்டுட்டு மண்ணை ஆறவிடுங்க. ரெண்டு மாசம் போகட்டும். என்ன அவசரம், கத்தரிக்காதானே?”

அக்கா அத்தானை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்த நாளில் குழியைத் திரும்ப வெட்டினேன். இலைகள் மக்கவேயில்லை. கறுத்து, வழுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஆனால் வடிவம் குலையாமல் வந்தன. அந்த வாசமும் குறையவில்லை. மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. வெட்டினேன், அள்ளினேன், எறிந்தேன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அவர் வந்து பார்க்குமுன் மேலே புது எருவைப் பரப்பி மூடிவிடலாம் என்றிருந்தேன். முடியவில்லை. அவர்கள் நினைத்ததை விட முன்னமே வந்துவிட்டார்கள்.

அக்கா பிடித்துக்கொள்ள, அவர் கதவடியில் நின்றார். குவியலைப் பார்த்தார்.

“ஏன் கிண்டினனி?”

சொன்னேன். எந்த மரம், என்ன எண்ணெய், இன்னும் இரண்டு மாதம். சொல்லச் சொல்ல என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“மணந்திருக்குமே,” என்றார். “உனக்கு மணக்கேல்லையோ?”

“மணந்தது.”

“அப்ப ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

அக்கா, “விடுங்கோ, உள்ளுக்க வாங்கோ, குளிருது,” என்றாள். அவர் அசையவில்லை. என்மேல் அவர் கோபப்பட்ட ஒரே தடவை அதுதான். ஏசவில்லை. நான் அங்கே இல்லாததுபோல மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்கேன் என்ன சொன்னது என்று நான் கேட்கவில்லை. அக்காவின் முகத்தில் அது எழுதியிருந்தது.

அடுத்த நாளே மண் வாங்கி வருகிறேன், பெரிய தொட்டிகளில் நிரப்பிப் போடலாம், குழியே வேண்டாம் என்றேன். முதலிலேயே செய்திருக்கக்கூடியது அது. அவர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

தொட்டிகள் வந்தன. மூட்டைகள் வந்தன. நான் கலந்து, நிரப்பி, வேலியோரம் வரிசையாக வைத்தேன். கறுத்து, பொலபொலவென்று, கையில் அள்ளினால் விரலிடுக்கால் வழிகிற மண். அதைப் பார்க்க அவர் ஒருதடவையும் வெளியே வரவில்லை. வலி காலுக்கு இறங்கியிருந்தது. கிழமை முடிவதற்குள், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, கடைசிக்காலப் பராமரிப்பு வார்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார்கள்.

அம்புலன்ஸ் வாசலில் நின்றது. அக்கா மருந்துப் பையை எடுக்க உள்ளே ஓடினாள். நான் தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். என் நகங்களுக்குள் இன்னும் மண் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

“விதை எங்க?”

“என்னட்டைத்தான் இருக்கு அத்தான். ஞாயிற்றுக்கிழமை போடுறன். தொட்டி எல்லாம் ரெடி.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். வலி ஒன்று வந்து போகும்வரை காத்திருந்தார். பின் மெதுவாக, வேலைக்காரனுக்குக் கடைசி ஏவலைச் சொல்வதுபோலச் சொன்னார்:

“எறிஞ்சு போடு. இனி ஆருக்கு?”