என் படத்துக்கு நான் வாங்கிய மாலை

"அப்ப தாத்தாவுக்குப் போட்டதும் சும்மாவாம்மா?"

யூ.கே.ஜி. படிக்கும் என் மகள் இதைக் கேட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. தென்காசிப் பக்கம் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள் நான். பிள்ளை கேட்கும் எதற்கும் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. கணவர், நான், மகள், மாமியார், நாத்தனார். மாமனார் போன வருடம் தவறிவிட்டார். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்கு முன்பே மகளைக் கோபர்கைரனேயில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். சின்னப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காரியம் முடிந்து அவள் திரும்பியபோது தாத்தா இல்லை. சுவரில் அவர் படம் இருந்தது, அதில் சந்தனச் சீவல் மாலை இருந்தது. அவள் பார்த்த சாவு அவ்வளவுதான்.

நாத்தனார் செம்பூரில் ஒரு கல்லூரியில் மீடியா படிக்கிறாள். இந்தத் தடவை அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரு பேய்ப் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுப்பது. முழுப் படம் வேண்டாம். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, பாக்கிறவன் வந்து உக்காந்ததுமே இது பேய்ப் படம்னு அவனுக்குத் தெரிஞ்சிரணும். ஆனா பேயைக் காட்டப்பிடாது. மார்க்கே அதுக்குத்தான்."

"பேயைக் காட்டாம எப்படிட்டி தெரியும்?"

"பைப்புல தண்ணி சொட்டும், கதவு பாதி திறந்திருக்கும், கரண்ட் போயிப் போயி வரும், ஒத்தையில ஒரு புள்ள நிக்கும். பாத்துப் பாத்துப் பழகின சாமான்லா? கிளாஸ்ல எல்லாரும் அதத்தான் வைக்கப் போறாங்க. நான் நம்ம வீட்டு சாமான் வைக்கேன். செவுத்துல ஒரு பொம்பள போட்டோ, மாலை, சின்ன சிவப்பு லைட்டு. கேமரா அப்படியே கீழ வருது. அதே பொம்பள தரையில உக்காந்து வெங்காயம் உரிக்கா. அவ்வளவுதான், கதம்."

நல்ல யோசனை என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவும் சொல்ல முடிகிறதே என்று ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"யாரு போட்டோட்டி?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மாமியார் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. கணவரிடம் கேட்டேன். "போட்டோதான? உன்னயக் கொண்டு போயி எரிக்கவா போறா? படிச்சவ மாதிரி பேசு" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை ஒத்துக்கொள்ள வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் எடுத்து முடித்துவிட வேண்டும்.

மாமனார் படத்திலிருக்கும் மாலையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் நாத்தனார். எனக்கு அது பிடிக்கவில்லை. நானே மாட்டுங்காவுக்குப் போனேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டிறங்கி, கோவில் பக்கத்துப் பூக்கடைகளில் ஒன்றில் சந்தன மாலை கேட்டேன்.

"சாமி படத்துக்கா, ஆள் படத்துக்காம்மா?"

"ஆள் படத்துக்குண்ணே."

"பெரியவங்களா?"

"இல்ல. சின்ன வயசு."

அவர் மாலையை எடுத்த கை நின்றது. "ஐயோ பாவமே. புள்ள குட்டி இருக்கா?"

"ஒரு பொம்பளப் பிள்ள."

"நீங்க என்ன வேணும் அவங்களுக்கு?"

என்ன சொல்வது என்று தெரியாமல் "சொந்தம்தான்" என்றேன். அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. மாலையை இரண்டு தாளில் சுற்றிக் கொடுத்து, "புள்ளையப் பாத்துக்கோங்கம்மா" என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொட்டலத்தை மடியில் வைக்க மனம் வரவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

படம் எடுத்த அன்று காலையிலிருந்தே மழை. மாமனார் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து என் படத்தை மாட்டினார்கள். மாலை போட்டு, குங்குமம் வைத்து, சிவப்பு பல்பை எரியவிட்டார்கள். தலைமுடியை விரித்துப்போட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். நாத்தனாரின் தோழி கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விளக்குக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை.

மழை என்று பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். என்னை அலைய வைக்க வேண்டாமென்று, பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளையோடு என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். உதவி என்று நினைத்துச் செய்தது.

நான் நிமிர்ந்தபோது மகள் நனைந்த ரெயின்கோட்டோடு வாசலில் நின்றாள். தாத்தா படத்தைப் பார்த்தாள். என் படத்தைப் பார்த்தாள். பிறகு கீழே என்னைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஷூவைக் கழற்றி, வைக்கிற இடத்தில் ஜோடியாக வைத்தாள். என் மேல் பட்டுவிடாமல் சுவரை ஒட்டியே நடந்து, ஏணியில் ஏறி மேலே போய்விட்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே ஓடினேன். தலையை முடிந்துகொண்டே சொன்னேன், "அது சும்மாட்டி. அத்தை படம் எடுக்கா. விளையாட்டு."

"மாலையுமா?"

"மாலையும் சும்மாதான். வந்து பாரு, அத்தை கழட்டிட்டா."

கீழே எட்டிப் பார்த்தாள். நாத்தனார் மாலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மகள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான், "போயி கை கால் கழுவு" என்றேன்.

மகள் வாசலில் நின்ற அந்தக் காட்சியைப் படத்தில் வைக்கலாமா என்று நாத்தனார் என்னிடம் கேட்டாள். கேட்காமல் செய்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவள் உழைப்பு வீணாகக் கூடாதே என்று சரி என்றேன். வகுப்பில் அதற்குத்தான் பாராட்டாம். இந்த மாதிரிப் படங்களில் இந்த இடத்தில் குழந்தை அலறும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள், இந்தக் குழந்தை ஷூவைக் கழற்றி வைக்கிறது, அதுதான் பயமுறுத்துகிறது என்று ஆசிரியர் சொன்னாராம். "மஸ்த் ஆக்டிங் மைனி! ஹீரோயின் எங்க?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் கேசரியோடு வந்தாள். ஹீரோயின் கேசரியில் பாதியைத் தனியாக எடுத்து வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில், "தாத்தா தாணே ஆஸ்பத்திரில இருக்கார், வந்துருவார்" என்று சொல்லியிருக்கிறாள். மிஸ் என்னிடம் வாழ்த்துச் சொல்வதைப் போல, "மாமனாருக்கு உடம்பு தேவலையா?" என்று விசாரித்தார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

போன வாரம், காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு மேலேயிருந்து இறங்கினேன். மகள் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். மாமனார் படத்தில் மாலை இல்லை. அவள் கையில் இருந்தது.

"உன் மாலைய அத்தை கழட்டினா, நீ இருக்கேல்லா? தாத்தாவுக்கு யாருமே கழட்டல. அதான் அவர் வரல."

யாரும் கழற்றவில்லை என்பதை அவள் எங்கள் மேல் குற்றமாகத்தான் சொன்னாள். இறங்கி, வாசற்படியில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், "தாத்தா வரட்டும்" என்றாள்.

கணவர் வேலையிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். மாலையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போடாதீங்கப்பா. போட்டா செத்துருவார்."

அவர் இறங்கிவிட்டார். மாலையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். தன் அப்பா இறந்தபோதுகூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "இதுக்குத்தான் ஒத்துக்கிட்டியா?" என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமியார் ஊரில் ரயில் ஏறிவிட்டார். உள்ளே வந்ததும் அவர் கண் முதலில் அந்தச் சுவருக்குத்தான் போகும். மாலை இல்லாத தன் கணவர் படத்தை அவர் எப்படித் தாங்குவார் என்று தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது போட்டுவிட்டால், தாத்தாவைக் கொன்றது அம்மா என்று நினைப்பாள். போடாமல் விட்டால் தினமும் வாசற்படியில் உட்காருவாள். "தாத்தா திரும்ப மாட்டார், மாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். அப்படியானால் தாத்தா எங்கே போனார் என்று கேட்பாள். பார்க்க வேண்டாம் என்று அவளை அனுப்பி வைத்ததை நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

சின்னப் பிள்ளைக்குச் சாவைச் சொல்லிக்கொடுத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். சொன்ன பிறகு பிள்ளை என்ன செய்தது, அன்று உங்களிடம் வந்து சாப்பிட்டதா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.